தர்பூசணி வாங்கி வந்த கணவர்

அந்த மே மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி எழுதினாள்: "வீட்டுக்காரர் பெரிய தர்பூசணியா வாங்கிட்டு வந்திருக்கார். வெட்டினா உள்ள வெள்ளை!" எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நாள் முன்னால் இதே ஆள், "எங்க வீட்டுக்காரர் போய் ஆறு வருசம் ஆச்சு" என்று எழுதியது எனக்கு நினைவிருந்தது.

பம்பாயில் இருக்கும் தமிழ்ப் பெண்களாகச் சேர்ந்து நடத்தும் குழு அது. ஊரடங்கு சமயத்தில் கோபர்கைரனேயில் இருக்கும் ஒரு டீச்சர் ஆரம்பித்தது. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. கோடை வந்தால் குழு களைகட்டும். எந்தப் பேட்டையில் தண்ணீர் வரவில்லை, ஹார்பர் லைனில் எந்த ரயில் லேட், ஹாபூஸ் மாம்பழ விலை எப்போது இறங்கும், வடாம் மாவில் எத்தனை பச்சைமிளகாய் என்று காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். அதில் எல்லோருக்கும் பிடித்தவள், தர்பூசணி பற்றி எழுதிய அந்தத் தாராவி அக்கா. அவள் எழுதினால் வெயில்கூட வேடிக்கையாக இருக்கும்.

நான் இருபத்தாறு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவள். முதல் பக்கத்தில் ஒன்றும் மூன்றாம் பக்கத்தில் வேறொன்றும் எழுதுகிறவர்களைப் பிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். செம்பூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். காலையில் எழுதும்போது தாராவி அக்காவின் தமிழ் ஒழுங்காக, புள்ளி கமாவோடு இருந்தது. மத்தியானம் எழுதினால் எழுத்துப்பிழை, நடுநடுவே ஹிந்தி. ஒரு நாள் அவளுக்குக் குழந்தையே இல்லை, இன்னொரு நாள் மகளுக்கு ஸ்கூல் லீவு. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பளம் உலர்த்தும் கையில் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு. குச்சியில் செருகிய ஐஸ் கோலாவைப் பிடித்திருக்கும் கையில் தழும்பு இல்லை, பச்சைக் கண்ணாடி வளையல்.

"யாரோ ஆண்பிள்ளையா இருக்கும்," என்று என் கணவரிடம் சொன்னேன். "பொம்மனாட்டிகள் குரூப்புல பூந்து வேவு பாக்கறான்."

"வேவு பாக்கறது யாருன்னு எனக்குத் தெரியறது," என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

டீச்சருக்குத் தனியாக எல்லாவற்றையும் அனுப்பினேன். அவள் பயந்துபோய்க் குழுவிலேயே கேட்டுவிட்டாள்: "தாராவி அக்கா, தப்பா நினைக்காதீங்க, உங்க முகம் தெரியற மாதிரி ஒரு போட்டோ போடுங்க." சாயங்காலம் ஒரே வார்த்தை வந்தது: "எதுக்கு?" டீச்சர் அவளை நீக்கிவிட்டாள்.

அதோடு தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. ஒருத்தி இன்னொருத்தியின் படத்தைக் கேட்டாள். மாடுங்காவில் இருப்பதாகச் சொன்னவளிடம் எந்தத் தெரு என்று குறுக்கு விசாரணை நடந்தது. கடைசியில் என்னையே ஒருத்தி கேட்டாள், "நீங்க மட்டும் உங்க போட்டோவைப் போட்டதே இல்லையே?" எனக்குச் சுருக்கென்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து என் நம்பருக்கு ஒரு குரல் செய்தி வந்தது. இளம் பெண்ணின் குரல். "அக்கா, எங்கள ஏன் குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க? எங்க அக்கா ஒரு வாரமா சரியா சாப்டல."

'எங்கள' என்ற அந்தச் சொல்லில் என் காது நின்றது. நீங்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். "நேர்ல வாங்களேன், செம்பூர்தானே நீங்க," என்றாள். அதையும் நான் நம்பவில்லை. "ஒரு மணி நேரத்துல நான் போன் பண்ணலைன்னா நீங்க பண்ணுங்கோ," என்று கணவரிடம் சொல்லிவிட்டு, காலை பத்து மணி வெயிலில் பஸ் ஏறினேன்.

தாராவியில் ஒரு குறுகலான சந்து. மாடிக்கு இரும்பு ஏணி. மேலே ஒரே அறை, வாசலில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு ஐம்பது இருக்கும், மணிக்கட்டில் தழும்பு. இன்னொருத்திக்கு முப்பது, பச்சை வளையல். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். அண்ணன் இறந்துவிட்டார். போன் ஒன்றுதான்.

சின்னவள்தான் பேசினாள். "நான் இங்கயே பொறந்தவ, ஹிந்தி ஸ்கூல். தமிழ் படிக்க வராது. அக்காதான் காலைல எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுவாங்க, பதிலும் எழுதுவாங்க. அவங்க அப்பள வேலைக்குப் போனதும் நான் போன்ல பேசுவேன், அதுவா எழுத்தாகும். அது தப்புந் தவறுமா போடும்."

பெரியவள் ஒரு டம்ளர் மோரை என் முன்னால் வைத்தாள். "ரெண்டு பேருன்னு நாங்க மறைக்கல. யாரும் கேக்கல."

மோரைக் குடித்தேன். அதோடு பேசாமல் வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. "டீச்சர்கிட்ட சொன்னது நான்தான்," என்றேன்.

சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கள ஆம்பளன்னா நெனச்சீங்க?" பெரியவள் சிரிக்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "எம் புருசன் செத்தது பொய்யின்னு நெனச்சீங்களா, இல்ல, அவ புருசன் பழம் வாங்கிட்டு வந்தது பொய்யின்னா?"

இரண்டையும்தான் நினைத்திருந்தேன். அவர் சாவுக்குக்கூட நான் அத்தாட்சி தேடியிருந்தேன். "மன்னிச்சுக்கோங்க," என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. என் கணவர். "இருக்கேன், பத்திரமா இருக்கேன்," என்றேன். எதற்காக அப்படிச் சொல்கிறேன் என்று பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

நடந்ததை அன்றே குழுவில் எழுதினேன். தப்பு என்னுடையது என்றும் எழுதினேன். டீச்சர் அவர்களைத் திரும்பச் சேர்த்தாள். சின்னவள் உடனே, "நாங்க ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் தனித்தனியா வணக்கம் சொல்லணும்," என்று குரல் செய்தி போட்டாள். எல்லோரும் சொன்னார்கள்.

பெரியவள் அதன் பிறகு குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் என்று சின்னவளிடம் தனியாகக் கேட்டேன்.

"வாசிக்கிறாங்க அக்கா. எனக்கும் வாசிச்சுக் காட்டுறாங்க. எழுத மட்டும் மனசு வரலியாம்."