மனிசன் விரலில் வைத்த காந்தம்

என் மனிசன் தன் விரலைத் தானே வெட்டி அதற்குள் ஒரு காந்தத்தை வைத்த நாளில் நான் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேரும், கொஞ்சம் ஐஸ் கொண்டு வாரும்" என்று சத்தம் வந்தது.

வெக்கைக்குக் குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். மேசையில் பழைய துவாய் விரித்திருந்தது. ஸ்பிரிட் போத்தல், அவித்து எடுத்த பிளேடு, நிமிர்த்தி வைத்த போனில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துச் சிரித்துத் தன் விரலை வெட்டுகிற வீடியோ.

"உங்களுக்கென்ன விசரே?"

"சத்தம் போடாதையும். கை நடுங்கும்."

அவருடைய கை நடுங்கவில்லை. நான்தான் ஐஸ் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கினேன். நான் எதற்கும் முதலில் பயப்படுகிற ஆள். பயம் வெளியில் தெரியாமலிருக்க ஏசுவேன். அன்றைக்கு அவருடைய பரம்பரையையே இழுத்து ஏசினேன். அவர் பிளாஸ்டரைச் சுற்றி முடித்துவிட்டு, "புட்டு அவிஞ்சுதோ?" என்று கேட்டார்.

அக்கராயன் சந்தியில் அவருக்கு மோட்டர் திருத்துகிற கடை. வயல் செய்கிற கமக்காரர் எரிந்துபோன தண்ணீர் மோட்டரைக் கொண்டுவந்து போடுவார்கள். இவர் கருகின கம்பியை உருவியெறிந்து புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். காந்தத்துக்கு முதலே ஒரு சிப் வைத்திருந்தார். அரிசி அளவு கண்ணாடிக் குழாய், தடித்த ஊசியால் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோலுக்குக் கீழே ஏற்றினது. கடைப் பூட்டுக்கு முன்னால் கையைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். "கையைக் காட்டு தம்பி, பாப்பம்" என்று மோட்டர் கொண்டுவராத ஆட்களும் வந்து நின்றார்கள். கிழமைக்கொருக்கால் பூட்டுத் திறப்பைத் துலைக்கிற மனிசன் கையைத் துலைக்கமாட்டார்தானே என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் காந்தம் வைத்த விரல் வீங்கியது. சிவந்து, சூடாகி, பிறகு ஓரத்தில் மஞ்சளாக எட்டிப்பார்த்தது. விடிந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த விரலைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றால், "போய் என்னெண்டு சொல்லுறது? டொக்டர் சிரிப்பார்" என்பார். விரலை எடுக்கவேண்டி வந்தால் கம்பி சுற்றுவது எப்படி, அடுப்பெரிவது எப்படி என்று நான் நெருப்பில் நின்றேன். கடைசியில் நான் கொத்திப் பிடுங்கியதில் மருந்துக்கடைக்குப் போய்க் குளிசை வாங்கிப் போட்டார். வீக்கம் வற்றியது. வற்றின கையோடு ஆட்டமும் தொடங்கியது. பிரிட்ஜுக்குப் பின்னால் விரலை நீட்டுவார், ஓடுகிற மோட்டருக்குக் கிட்ட நீட்டுவார். "உள்ளுக்கை துடிக்குது தெரியுமே? கரண்டைத் தொடாமலே தெரியுது." எனக்கு அந்தச் சந்தோசத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஏனென்றால் அந்த நாட்களில் என்னுடைய வலக்கைக்கு ஒன்றுமே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. நான் வீட்டில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறனான். முதலில் விரல்நுனி விறைத்தது. பிறகு கத்திரிக்கோல் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஒருநாள் தையல் ஊசி விரலில் ஏறி நின்றதை இரத்தத்தைக் கண்ட பிறகுதான் அறிந்தேன். கிளிநொச்சியில் காட்டினபோது டொக்டர் கழுத்தை அமத்திப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கத் திகதி போட்டார். இப்படியே விட்டால் கை சோர்ந்துவிடும் என்றார்.

"உடம்பிலை இரும்பு ஏதும் இருக்கோ? பழைய காயம்?"

"இல்லை டொக்டர்" என்றேன்.

பொய் சொன்னேன் என்று நினைக்கவேண்டாம். வலத் தோள்பட்டைக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. ஆனால் அது சைக்கிளால் விழுந்து முள்ளுக்கம்பி கிழித்தது. சண்டை முடிகிற காலம், நான் மூன்றாம் வகுப்பு. அந்த விழுகை எனக்கு அச்சொட்டாக ஞாபகம் இருந்தது. சிவப்புச் சைக்கிள், மண் ரோட்டு வளைவு, கம்பியில் தொங்கின என் சட்டைத் துண்டு.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்குத் தவறாது. எனக்குக் கலியாணமாகி அம்மா எங்களோடு வந்திருந்த பிறகும், என்னைப் பலகையில் இருத்தி முதுகுக்கு எண்ணெய் பூசுவது அம்மாதான். நானே பூசுகிறேன் என்றால் கோபம் வரும். "மாமி, உங்கடை பிள்ளைக்கு இன்னும் பல்லு முளைக்கேல்லையோ?" என்று இவர் பகிடி பண்ணுவார். அம்மா சிரிக்கமாட்டா. தோளையும் கழுத்தடியையும் ஆறுதலாக, எதையோ தேடுகிறமாதிரித் தேய்ப்பா. அது அம்மாவின் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

ஸ்கானுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அம்மா கண்டாவளையில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்விட்டா. என் கை முதுகுக்கு எட்டவில்லை. இவரைக் கூப்பிட்டேன். பகிடி விட்டுக்கொண்டுதான் எண்ணெய் பூசினார். தழும்படிக்கு வந்ததும் கை நின்றது.

"ஆடாதையும்."

"என்ன?"

"இழுக்குது." விரலைத் தூக்கித் திரும்பவும் வைத்தார். "உம்மடை முதுகு என்ர காந்தத்தை இழுக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு, இன்னொரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தழும்புக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். என் முதுகு. நூல் ஆடி ஆடி வந்தது, காந்தம் டப்பென்று தோலில் ஒட்டிக்கொண்டது. நூலை விட்ட பிறகும் விழவில்லை.

"முள்ளுக்கம்பித் துண்டா இருக்கும்" என்றேன்.

"அந்த ஸ்கான் மெசினும் காந்தம்தான். இந்தச் சின்ன விரலே இந்த இழுவையை அறியுதெண்டால் அதுக்குள்ளை போனா உமக்கு என்ன நடக்கும்?" அவருடைய முகம் வெளுத்திருந்தது. தன் விரலை வெட்டின அன்றைக்குக்கூட அவரை அப்படிப் பார்க்கவில்லை.

அம்மா வந்ததும் வீடியோவைக் காட்டினோம். அவ முழுக்கப் பார்க்கவில்லை.

"அது ஒண்டுமில்லை. சைக்கிளாலை விழுந்தது."

"மாமி, உள்ளுக்கை இரும்பு இருக்கு."

"உந்தக் காந்த விளையாட்டை உங்களோடை வைச்சிருங்கோ தம்பி. பிள்ளையின்ரை முதுகிலை வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பினா. "அங்கை போய் ஒண்டும் சொல்லாதை. எழுதிப்போடுவாங்கள். கேட்டால் என்ன சொல்லுறது?"

"சைக்கிளாலை விழுந்தனான். முள்ளுக்கம்பி கிழிச்சது" என்று என் வாய் சொன்னது. சொன்ன வேகம் எனக்கே புதினமாக இருந்தது. விழுந்ததை நினைத்துச் சொன்னமாதிரி இல்லை, வாய்ப்பாடு சொன்னமாதிரி இருந்தது.

திங்கட்கிழமை ஸ்கான். அதை விட்டால் அடுத்த திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும், கையோ நாளுக்கு நாள் சோர்கிறது. போய் நேரே சொல்லுவோம், மிச்சத்தை அவர்கள் பார்க்கட்டும் என்று இவர் முடிவெடுத்தார். பஸ்சில் நான் "ஓம், இருக்கு. ஓம், இருக்கு" என்று மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அம்மா சன்னல் பக்கம் இருந்து என் விறைத்த கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தபடியே வந்தா.

ஸ்கான் அறைக்குப் போகிற விறாந்தையின் வாசலிலேயே நேர்ஸ் மிஸி மறித்தா. கூட வருகிற ஆட்களிடமும் இரும்பு இருக்கக்கூடாது.

இவர் விரலைத் தூக்கினார். "எனக்கு இதுக்குள்ளை காந்தம் இருக்கு மிஸி."

"காந்தமோ? விரலுக்கையோ? ஆர் வைச்சது?"

"நான்தான்."

கதிரைகளில் இருந்த சனம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மிஸிக்குச் சிரிப்பில்லை. "ஐயோ அண்ணை, இந்தப் பக்கமே வராதேங்கோ! வெளியாலை போங்கோ!" அவர் என்னைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காவலாளி அவரைப் படியிறக்கிவிட்டான். சொல்லவேண்டிய ஆள் வெளியில் நின்றது. நானும் அம்மாவும் உள்ளே நடந்தோம்.

மிஸி என்னிடம் திரும்பினா. "உடம்புக்கை இரும்பு, சண்டையிலை பட்ட செல் பீஸ் ஏதும் இருக்கோ?"

"இல்லை" என்றேன்.

இவ்வளவு பழகியும் அதுதான் வந்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது, ஆனால் நாக்கு நிற்கவில்லை.

"தழும்பேதும்?"

"சைக்கிளாலை விழுந்தனான். முள்ளுக்கம்பி கிழிச்சது."

"சரி, வாங்கோ."

கதவு திறந்தது. உள்ளே மெசின் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. என் கால்கள் தம்பாட்டில் நடந்தன. பின்னாலிருந்து அம்மா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தா.

"கொண்டு போகாதேங்கோ பிள்ளையை! அவ பொய் சொல்லுறா. நான்தான் சொல்லிக் குடுத்தனான்." விறாந்தை முழுக்கக் கேட்கிற சத்தம். என் வாழ்நாளில் அம்மா அப்படிக் கத்திக் கேட்டதில்லை. "எங்களிட்டைச் சைக்கிளே இருக்கேல்லை. செல் விழுந்தது. சண்டை முடிஞ்சு ஆமியிட்டைப் போகேக்கை காயக்காரரைத் தனி பஸ்சிலை ஏத்தினாங்கள். ஏத்தின பிள்ளையள் எங்கை போச்சுதுகள் எண்டு தாய்மாருக்குத் தெரியாது. அதுதான் வரிசையிலை நிண்டபடியே சொல்லிக் குடுத்தனான். கேக்கக் கேக்க ஒரே மாதிரிச் சொல்லு எண்டு."

சிவப்புச் சைக்கிள் எனக்குள் இன்னும் நின்றது. அதன் மணிச் சத்தம்கூடக் கேட்டது.

மிஸி கதவைச் சாத்திவிட்டு அம்மாவைப் பிடித்துக் கதிரையில் இருத்தினா. "சரி அம்மா, பயப்பிடாதேங்கோ. ஸ்கான் எடுக்கேல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பாப்பம். எவடத்திலை இருக்கு?"

அம்மா எழும்பி என் சட்டைக்கு மேலால் ஒரு விரலை வைத்தா. இவருடைய காந்தம் ஒட்டின அதே இடம். பிறகு மற்றக் கையால் என் பின்னலை ஒதுக்கிக் கழுத்தடியில், மயிருக்குள், இன்னொரு விரலை வைத்தா.

"ரெண்டு இருக்கு மிஸி. வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் பூசேக்கை தடவிப் பாக்கிறனான், நகருதோ எண்டு. முதுகிலை இருக்கிறது அப்பிடியே இருக்கு." அந்த விரல் என் பிடரியில் அமத்தி அமத்தித் தேடியது. "இஞ்சை இருந்தது, பிள்ளையின்ரை கை விறைக்கத் தொடங்கினதிலையிருந்து என்ர கைக்குத் தட்டுப்படேல்லை."