கிணற்றில் எடுத்த அலை

செந்துறைப் பக்கத்தில் பிறந்த ஒருவனிடம் கடலை வரையச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். எங்கள் ஏரியிலேயே வருடத்தில் பாதி நாள் கிரிக்கெட் நடக்கும். ஆனாலும் டிராயிங் சார் சொல்லிவிட்டார்: அரியலூர் ஓவியப் போட்டிக்குத் தலைப்பு கடல், பள்ளியிலிருந்து ஒருவர்தான் போகலாம், திங்கட்கிழமை ஆளுக்கொரு படத்தோடு வரவேண்டும்.

என் வகுப்பிலேயே படித்த பெரியப்பா மகள் வேளாங்கண்ணிக்குப் போய்க் கடலைப் பார்த்து வந்தவள். சில மாதம் மூத்தவள் என்பதால் அக்கா. "கடலையே பாக்காதவன்லாம் கடல் வரையப் போறானாம்" என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அதுவரை எனக்குப் போட்டியில் பெரிய அக்கறை இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், அரியலூர் பஸ்ஸில் ஏறுவது நான்தான் என்று.

முதலில் தகவல் சேகரிப்பு. அவளோடு வேளாங்கண்ணி போய்வந்த என் மாமாவைப் பிடித்தேன். அவர் அங்கே கடலுக்கு முதுகைக் காட்டியபடி எல்லாருடைய செருப்புக்கும் காவல் உட்கார்ந்திருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"கடல் எப்புடி மாமா இருக்கும்?"

"பெருசா இருக்கும்டா மாப்ள. உப்பா இருக்கும்."

உப்பை எப்படி வரைவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். தாளை நீலத்தால் நிரப்பிப் பார்த்ததில் வானம் வந்தது. நுரைக்காக உலைப்பானையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில் சோறு பொங்கி அடுப்பு அணைந்தது. அம்மா கரண்டியால் கருத்துத் தெரிவித்தார். கம்பங்கொல்லையில் காற்று ஓடியபோது அலை நகரும் விதம் பிடிபட்டது. ஆனால் அதன் நுனி எப்படி மடங்கும் என்பதைக் கம்பு சொல்லவில்லை.

ஞாயிறு மாலை கொல்லையில் உட்கார்ந்து வரைவதும் கிழிப்பதுமாக இருந்தேன். தாள் பறக்காமலிருக்க ஒரு கல்லை வைத்திருந்தேன். கிணற்றை ஆழப்படுத்தியபோது வெளியே வந்த கல். கிடாக் கொம்பு போலச் சுருண்டு வரிவரியாக இருக்கும். எங்கள் பக்கம் அப்படிக் கல் நிறைய. கதவுக்கு முட்டுக் கொடுப்போம், நாயை விரட்டுவோம். அன்று அதையே வெறித்துக்கொண்டிருந்தவன், அந்தச் சுருளை அப்படியே தாளில் இறக்கினேன். வரிகளோடு உள்ளே உள்ளே மடங்கி ஒரு பெரிய அலை எழுந்து நின்றது. எனக்கே பயமாக இருந்தது. இத்தனை காலம் வரைந்து பிழைத்த பிறகும் என் படத்தைப் பார்த்து நான் பயந்தது அந்த ஒரு முறைதான். பிறர் பயந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

மறுநாள் சார் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மாதிரி அலைய எங்கடா பாத்த?"

"எங்க கெணத்துல சார்."

வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. சாரும் சிரித்தார். அக்காவின் படத்தில் படகு, தென்னை, பாதிச் சூரியன் எல்லாம் உரிய இடத்தில் இருந்தன. பஸ் ஏறியவள் அவள்தான். ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பாவோடு திரும்பினாள்.

நான் படத்தைக் கிழிக்கவில்லை. அன்று சாயங்காலமே புதுத் தாளின் மேல் கல்லை வைத்து மறுபடி ஆரம்பித்தேன். எங்கள் சீமையே ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்பதும், அந்தக் கல் அதில் நீந்தித் திரிந்த ஒரு பிராணி என்பதும் மீசை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தன. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், இனி நிஜக் கடலைப் பார்க்காமல் ஆகாது என்பதுதான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

அவர் கிழக்கே கையை நீட்டினார். "அது கெடக்கு ரொம்ப தூரம்."

இருவரும் கொஞ்ச நேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றோம். நின்ற இடத்தைக் குனிந்து பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.