மிஸ்ஸி குடித்த கேஸ் மருந்து

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு நோயாளியின் முதுகில் இருந்த கட்டியை டாக்டர் கீறினார். பக்கத்தில் டிரே பிடித்து நிற்பது என் வேலை. கத்தி பட்டதுதான் தெரியும். கண் திறந்தபோது நான் தரையில் கிடந்தேன். முதுகில் கட்டுப் போட்டிருந்த அந்த மனிதர் குனிந்து உட்கார்ந்து, பேப்பரால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"முதல் நாளா, மிஸ்ஸி?" என்று அன்போடு கேட்டார்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் நர்ஸ்களை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை. நோயாளிகளுக்கு நம்பர் அட்டை கொடுப்பது, ஃபைல் எடுத்து வைப்பது, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை ஊற்றிக் கொடுப்பது, இதுதான் என் வேலை. ஆனாலும் மிஸ்ஸி என்று கூப்பிட்ட யாரையும் நான் திருத்தியதில்லை. கேட்க நன்றாக இருந்தது.

லிட்டில் இந்தியா வட்டாரத்தில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது எங்கள் கிளினிக். முன்னால் நோயாளிகள் உட்காரும் பெஞ்சு, நடுவில் என் கவுண்டர், பின்னால் டாக்டர் அறை. கவுண்டருக்கும் டாக்டர் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. உள்ளே யாராவது பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும். அந்த வேலையில் சம்பளத்தைவிட எனக்குப் பிடித்தது அந்தத் தடுப்புதான்.

எழுபதுகள் முடிவதற்குள் நான் அரை டாக்டர் ஆகிவிட்டேன். அப்படி நினைத்தது நான் ஒருத்திதான். யார் வந்தாலும் வாசற்படியிலேயே நோயைச் சொல்லிவிடுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் கேஸ், அதாவது வாயு. நெஞ்சைப் பிடித்தால் கேஸ். முதுகைப் பிடித்தாலும், கொஞ்சம் யோசித்துவிட்டு, கேஸ்.

"தெரசா, நீங்க உள்ள வந்து உக்காருங்க. நான் போய் மருந்து ஊத்தறேன்," என்று டாக்டர் அடிக்கடி சொல்வார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

2. சுருங்கிய யூனிஃபார்ம்

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒருநாள் யூனிஃபார்மின் இடுப்புக் கொக்கி மாட்டவில்லை. துணி வெளுக்கிற கடையில் போய்ச் சண்டை போட்டேன். "வெந்நீர்ல போட்டுச் சுருக்கிட்டீங்க!"

கடைக்காரர் அமைதியாகச் சொன்னார்: "கைப்பக்கம் சுருங்கலையே மிஸ்ஸி."

அவர் சொன்னது சரி. கை தொளதொளவென்று இருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் முன்னால் வந்தது. இதற்கு நான் கண்டுபிடித்த மருத்துவக் காரணம், தினமும் டீயோடு தின்ற கறி பஃப் பலகாரம். டயட் ஆரம்பித்தேன். டயட் அதிசயமாகச் சுலபமாக இருந்தது. நாலு வாய் சாப்பிட்டதுமே கல்யாண விருந்து சாப்பிட்ட மாதிரி வயிறு நிறைந்துவிடும். என் மனக்கட்டுப்பாட்டை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்து, சிறுநீர்த் தொல்லை. தோ பாயோ பேட்டையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கிளினிக் வரை பஸ் போகும் வழியில் எங்கெங்கே கழிவறை இருக்கிறது, எது சுத்தம், எதற்குக் காசு கேட்பார்கள் என்று எல்லாம் தெரிந்துவைத்திருந்தேன். டாக்ஸி ஓட்டுபவர்கள்கூட என்னிடம் பாடம் கேட்கலாம். 'வயசாகுதுல்ல,' என்று அதற்கும் ஒரு காரணம் இருந்தது.

அடிவயிறு கனத்தது. இடுப்பு வலித்தது. மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போனதும், வெள்ளை நிறத்தில் இருக்கும் கேஸ் மருந்தை அளந்து குடித்துக்கொள்வேன். பிறகு அளக்காமலும் குடித்தேன்.

"இந்த மாசம் கேஸ் மருந்து ஏன் இவ்வளவு ஓடுது?" என்று டாக்டர் கேட்டார்.

"லிட்டில் இந்தியாவே கேஸ்ல கிடக்கு டாக்டர்," என்றேன்.

வீட்டில் இன்னொரு கூத்து. என் கணவர் அந்தோணி துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, எங்கள் கோயில் பெண்கள் இரண்டு பேர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "வாழ்த்துக்கள்" என்று கையைப் பிடித்தார்கள். நான் சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால், குழந்தைகளுக்கான புதுப் பால் மாவு டின் ஒன்று இருந்தது.

"இது எதுக்கு?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

அன்றுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. கர்ப்பம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் இது என்ன? பிறகு, போன வருஷம் எடுத்த பாப் ஸ்மியர் டெஸ்ட் நார்மல் என்பது ஞாபகம் வந்தது. 'அதான் கீழே எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களே,' என்று எழுந்து போய்த் துணி மடித்தேன்.

அந்த டெஸ்ட் கர்ப்பப்பையின் வாயைத்தான் பார்க்கும், சினைப்பையைப் பார்க்காது என்பது இந்த அரை டாக்டருக்குத் தெரியாது.

3. ராஜம்மாவின் வயிறு

ராஜம்மா ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் கடை வைத்திருந்தவர். பிள்ளைகளை அதட்டி வரிசையில் நிறுத்திப் பழகிய குரல், ரகசியமும் சத்தமாகத்தான் வரும். ஒருநாள் வயிறு உப்பியிருக்கிறது என்று வந்தார். வழக்கம்போல் நான் கேஸ் என்று தீர்ப்புச் சொல்லி உள்ளே அனுப்பினேன். மாத்திரை எண்ணுவதுபோல் தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"எவ்வளவு நாளா இருக்கு?" டாக்டர் கேட்டார்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து."

"முன்னாடி இப்படி இருந்ததில்லையே? தினமும் வயிறு உப்புறது, வாரக்கணக்கா?"

"இல்ல டாக்டர்."

நான் மனதுக்குள், 'ஆமா' என்றேன்.

"கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்சிடுதா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. நல்லா சாப்பிடுறேன்."

'ஆமா.'

"அடிக்கடி டாய்லெட்டுக்கு ஓடுறீங்களா? அடிவயித்துல கனம், வலி?"

'ஆமா. ஆமா.'

"உடம்பு இளைச்சு வயிறு மட்டும் பெருசாகுதா?"

கையில் இருந்த மாத்திரைகள் தரையில் சிதறின. "என்ன சத்தம்?" என்றார் டாக்டர். "ஒண்ணுமில்ல டாக்டர்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஏன் டாக்டர் இவ்வளவு கேக்கிறீங்க?" ராஜம்மா பயந்துவிட்டார்.

"பொம்பளைங்க வயிறு உப்புசம்னு வந்தா கேட்டாகணும். சினைப்பையில கட்டி வந்தாலும் இப்படித்தான் சாதாரணமா ஆரம்பிக்கும். உங்களுக்கு அது இல்ல. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"பலாப்பழம்," என்றார் ராஜம்மா, முதல்முறையாக மெல்லிய குரலில்.

4. என் நம்பர்

ராஜம்மா போனதும் நான் நேரே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. வருஷக்கணக்காகத் தினமும் காப்பி வைத்துக் கொடுத்த மனிதரிடம், 'என் அடிவயித்தைப் பாருங்க' என்று எப்படிச் சொல்வது? நோயாளிகள் எப்படி வருகிறார்கள்? நம்பர் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் ஒரு நம்பர் அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உள்ளே மணி அடித்தது. நம்பரைக் கூப்பிட ஆள் இல்லை. கூப்பிட வேண்டியவள் பெஞ்சில் இருந்தாள். மறுபடி மணி. பக்கத்தில் இருந்த சீன ஆன்ட்டி என்னைப் பார்த்தார், கவுண்டரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மூன்றாவது மணிக்கு டாக்டரே வெளியே வந்தார்.

"தெரசா, என்ன இங்க உக்காந்திருக்கீங்க?"

"என் நம்பர் டாக்டர்," என்று அட்டையைக் காட்டினேன்.

பெஞ்சே சிரித்தது. டாக்டரும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே கூட்டிப் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கட்டிலில் படுக்கச் சொன்னார். வயிற்றில் கை வைத்து அழுத்தியதும் அவர் சிரிப்பு நின்றது.

"எத்தனை மாசமா?"

"மூணு இருக்கும்."

"அந்த மருந்தெல்லாம் நீங்கதான் குடிச்சீங்களா?"

தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் யாரிடமோ ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில போறீங்க," என்றார்.

"நாளைக்கு மருந்து ஸ்டாக் வருது டாக்டர்."

"ஸ்டாக் எங்கேயும் ஓடிடாது லா," என்றார். சிங்கப்பூரில் எல்லோரும் பேச்சின் முடிவில் லா போடுவார்கள், அவர் போட்டு நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் விஷயம் பெரியது என்று புரிந்தது.

ஸ்கேனில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. அந்த வாரமே ஆபரேஷன். முந்தைய நாள் அந்தோணி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தார். "கேக்க வேண்டியதைக் கேக்காம, பால் மாவு வாங்கினேன் பாரு," என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு இருவரும் அழுதோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

கட்டி உடையாமல் முழுசாக வெளியே வந்தது. கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய்தான். ஆனால் ஒரு சினைப்பைக்குள்ளேயே இருந்தது, வெளியே பரவவில்லை.

"உங்க அதிர்ஷ்டம். நிறைய பேர் பரவின பிறகுதான் வர்றாங்க," என்றார் ஆபரேஷன் செய்த பெண் டாக்டர். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒட்டுக் கேட்டேன் டாக்டர்," என்றேன். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பிறகு சில மாதங்கள் ஊசி மருந்து. முடி கொட்டியது. வாந்தி என்னை வாட்டி எடுத்தது. மயங்கி விழுவதில் மட்டும் எனக்கு முன் அனுபவம் இருந்தது.

திரும்பி வேலைக்கு வந்ததும் ராஜம்மாவிடம் நன்றி சொன்னேன். அவர் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நான் டாக்டர்கிட்ட பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?" என்று கிளினிக்கே அதிரக் கேட்டார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸைக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "முழுசா சாப்பிட முடியுதான்னு பாக்கணும்," என்று நான் முடிக்கும்வரை எதிரில் நின்றார்.

5. ஸ்டெல்லாவின் தங்கச்சி

அடுத்த வருஷம் எங்கள் கோயில் மாதர் குழுவில் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஃபாதர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். 'சினைப்பை' என்ற சொல் வரும்போது எனக்கு இருமல் வந்தது. மறுபடி முயன்றேன், மறுபடி இருமல். கடைசியில் ஃபாதரே எழுந்து, "நான் போய் டீ ரெடியான்னு பாக்கிறேன்," என்று போய்விட்டார்.

அதன்பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வயிறு உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். இவை எல்லோருக்கும் எப்போதாவது வரும், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் உங்களுக்குப் புதிதாக வந்து, அநேகமாகத் தினமும் இருந்து, இரண்டு மூன்று வாரமாகியும் போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பாப் ஸ்மியர் நார்மல் என்று என்னைப்போல் துணி மடிக்கப் போகாதீர்கள். கேள்வி உண்டா என்று கேட்டேன். எல்லோரும் டீ இருந்த பக்கம் எழுந்து போனார்கள்.

டீ நேரத்தில், பாடற்குழுவில் பாடும் ஸ்டெல்லா என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"மிஸ்ஸி, எனக்கில்ல. என் தங்கச்சிக்குக் கேக்கிறேன். அவளுக்கு வயிறு இப்படித்தான் இருக்கு."

"தங்கச்சிக்கு எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா. நின்னு பாடவே முடியல மிஸ்ஸி, அடிவயிறு அப்படியே இழுக்குது..." அங்கே நிறுத்திவிட்டார். முகம் சிவந்தது.

ஊரையே கேலி செய்கிற எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. "திங்கட்கிழமை தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க. துணைக்கு நீங்களும் வாங்க," என்றேன்.

திங்கட்கிழமை அவர் தனியாகத்தான் வந்தார். "தங்கச்சிக்கு வர முடியல," என்றார்.

"பரவாயில்ல. உங்க பேர்லயே பதிஞ்சுக்கிறேன்."

அவருக்கு இருந்தது கர்ப்பப்பையில் சாதாரண நார்க்கட்டி. எடுத்ததும் சரியாகிவிட்டது. "சும்மா பயந்துட்டேன்," என்று வெட்கப்பட்டார். சும்மா பயந்தேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான். வெட்கம் போன பிறகு வரலாம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. வெட்கத்தோடேயே வந்துவிட வேண்டும். அத்தனை வருஷம் கிளினிக்கில் இருந்து இந்த அரை டாக்டர் கற்றுக்கொண்ட முழு மருத்துவம் அது ஒன்றுதான்.