எலும்புச் செல்லுக்கு ஆயுத பூஜை விடுமுறை

சோரியாங்குப்பம் சகாயராணிக்கு ஊரில் எலும்பு டாக்டர் என்று பெயர். மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம், தான் வைத்தியம் பார்ப்பவள் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். "அப்ப இன்னாத்துக்குடி இத்தினி வருசமா படிக்கிற?" என்று அம்மா லில்லியே கேட்டாயிற்று.

கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல உடைந்த எலும்புக்குச் சாரம் கட்டுவதுதான் அவள் படிப்பு. பூரணாங்குப்பம் கரையில் ஒதுங்கும் கணவாய் மீன் ஓட்டைப் பொறுக்கி வருவாள். அதைச் சுத்தம் செய்து, ரசாயனத்தில் வேகவைத்து, எலும்பில் இருக்கும் அதே உப்பாக மாற்றுவாள். ஓடு முழுக்கப் பொந்துகள். அவற்றில் எலும்புச் செல்களை விட்டால், பிடித்துக்கொண்டு வளர வேண்டும். முன்பு இரண்டு முறை வெளிக்காற்றோடு பூஞ்சை புகுந்து எல்லாம் போயிற்று. இந்த முறை வளர்கின்றன. இன்னும் ஒரு வாரம் தாங்கினால் ஆய்வேடு முடிந்துவிடும். தாங்காவிட்டால் அவள் படிப்பே முடிந்துவிடும். கல்லூரி இனியும் கெடு நீட்டாது.

அந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

வில்லியனூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி அது. துறைத்தலைவர் சிவப்பிரகாசம் பாகூரில் நிலபுலன் உள்ளவர். வெளிநாட்டில் படித்தவர், ஏறிய மேடையிலெல்லாம் அதைச் சொன்னவர். ஆய்வகத்தில் அவர் முழு நாளும் இருப்பது வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று மட்டும். மைக்ரோஸ்கோப்புக்குப் பட்டை போட்டார். தராசுக்குச் சந்தனம் வைத்தார். பூஜை முடிந்ததும், மறுநாள் காலைவரை எந்தக் கருவியும் ஓடக்கூடாது என்றார். உதவியாளர் பக்கிரி ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"சார், இன்குபேட்டரை மட்டும் நிறுத்தாதீங்க. உள்ள செல் இருக்கு. சூடு கொறஞ்சா செத்துடும்" என்றாள் சகாயராணி.

"ஒரு ராத்திரிதானேம்மா? வருஷம் பூரா ஒழைக்கிற மெஷின். அதுக்கும் ஓய்வு வேணாமா?"

"செல்லுக்கு லீவு கெடையாது சார்."

"உங்க சர்ச்சுல இதெல்லாம் இல்ல. உனக்குப் புரியாது" என்றார், பெருந்தன்மையாக.

இனி அவள் வெப்பநிலையைப் பற்றிப் பேசினாலும் வேதம் ஓதுகிறாள் என்றுதான் காதில் விழும். பக்கிரி பிளக்கில் கை வைத்துவிட்டார்.

"சார், ஆயுத பூஜையன்னிக்கு உங்க வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டுவீங்களா?"

"காட்டாம? மாடு என்ன ஆயுதமா? அதுக்குத்தான் மாட்டுப் பொங்கல் தனியா இருக்கே."

"இதுவும் தொழுவந்தான் சார். உள்ள இருக்கறது உசுரு. தீனி வெக்கிறேன், கழிவ அள்றேன். எங்கப்பா உங்க மாதிரி ஆளுங்க தொழுவத்துலதான் வேலை பாத்தாரு. ஆயுத பூஜைன்னு ஒருநாள் லீவு குடுத்ததில்ல."

பக்கிரி இருமலில் சிரிப்பை மறைத்தார். சிவப்பிரகாசம் கடைசி வாக்கியத்தைக் கேளாதவர்போல இன்குபேட்டரையே பார்த்தார். அறிவியலுக்கு அசையாத மனிதர் மாட்டுக்கு அசைந்தார்.

"அத விட்டுடு பக்கிரி. அது ஆயுதத்துல சேராது."

ஒரு வாரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, பொந்துக்குப் பொந்து செல்கள் கைகோத்து நின்றன. சகாயராணி நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக மூச்சு விட்டாள்.

அன்று மதியம் கல்லூரியைப் பார்க்க வந்திருந்த விருந்தினர்களை சிவப்பிரகாசம் உள்ளே கூட்டிவந்தார். "இன்குபேட்டரை மெஷினா பாக்கக்கூடாது, தொழுவமா பாக்கணும். இது என்னோட அணுகுமுறை" என்றார். விருந்தினர்கள் தலையாட்டினார்கள்.

போகும்போது சகாயராணியிடம் திரும்பினார். "மாட்டுப் பொங்கலுக்கு இதுக்கு மால போட்டுடணும்மா. கதவத் தொறந்து உள்ள ஒரு கை பொங்கலும் வெச்சுடலாம்."

"சரிங்க சார்" என்றாள். பொங்கலுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்று, சாப்பிடக்கூடப் போகாமல் எழுத உட்கார்ந்தாள்.