அக்கா உயிரோடு இருக்கையில் நான் வாங்கிய மாலை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. சாணார்பட்டிப் பக்கம் பிறந்து, சின்னாளபட்டியில் வாழ்க்கைப்பட்டு, அத்தான் காலமான பின் வீடு வீடாகச் சேலை விற்று ஒரே மகளைப் படிக்கவைத்தவர். எவர் முன்னும் கூனிக் குறுகாதவர். அதற்கு நானே சாட்சி. நான் சொல்லப்போகும் நாளின் கோமாளியும் நானே.

எண்பத்திரண்டு வாக்கில், மகளின் நர்ஸ் படிப்புக்குப் பீஸ் கட்ட, பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்திட்டுப் பாஸ்புத்தகத்தோடு என்னிடம் கொடுத்திருந்தார். மறுநாள் கடைசித் தேதி. திண்டுக்கல் பேங்கில் கிளார்க், "இந்தம்மா இறந்துட்டாங்களே, கணக்கை நிறுத்தியாச்சே" என்றார்.

அதே பேங்கில் கணக்கு வைத்திருந்த, அக்காவின் பெயரே கொண்ட இன்னொருவர் இறந்திருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் அக்கா போட்ட கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டே நான் பேங்கை நம்பினேன். அவ்வளவு பெரிய கட்டடம் பொய் சொல்லுமா? சம்பங்கி மாலை ஒன்று வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் அழுதபடியே போய் இறங்கினேன்.

அக்கா வாசலில் சுண்டைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்குலே மாலை?"

"ஒனக்குத்தேன்க்கா..."

விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், பேங்க் மூடுவதற்குள் போகவேண்டுமென்று சேலை மாற்றினார். "மாலையவும் எடுத்துக்க" என்றார்.

மேனேஜர் தயங்கினார். "இறந்தவங்க கணக்குன்னா வாரிசு வந்துதாம்மா கேக்கணும்."

"வாரிசுக்குப் பீஸ் கட்டத்தேன் சார் பெத்தவ வந்திருக்கேன். செத்தவ இந்த வெயில்ல பஸ் ஏறி வருவாளா?"

"விடுக்கா, போலீசக் கூப்பிட்ருவாக" என்று நான் பின்னால் நின்று முணுமுணுத்தேன். அக்கா ஒரு தாள் வாங்கிப் புகார் எழுதினார்: 'நான் உயிரோடு இருக்கிறேன். தவறு உங்களுடையது. என் பணத்தை இன்றே தரவும்.' அதன்மேல் மாலையை வைத்தார்.

"தரலைன்னா இதப் போட்டுக்கிட்டு இங்கனயே உக்காந்துக்கிறேன். வாரவுக போறவுக செத்தவளுக்குத் துட்டி கேட்டுட்டுப் போகட்டும்."

மேனேஜர் பதறி எழுந்தார். கையெழுத்தை ஒத்துப்பார்த்தார்கள், பணம் வந்தது. திரும்பும்போது அக்கா மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டார். கண்டக்டர், "மாப்ள, பொண்ணு எந்த ஊரு?" என்றார்.

அன்று பீஸ் கட்டிப் படித்த மகள்தான், அக்காவின் கடைசி நாட்களில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார்.

அந்நாட்களில் உதவிய தெருக்காரர்களுக்கும், துட்டிக்கு வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓய்வு பெறும் வயதில் இன்னும் அதே பேங்கில் இருந்த அந்தக் கிளார்க்குக்கும்தான். அக்கா காலமானதை எழுதிக்கொடுக்கப் போனபோது அவர் தாளை வாங்கவே இல்லை.

"நல்லா விசாரிச்சீங்களா சார்? அம்மா நாளைக்கே வந்து நிக்கப்போறாங்க."

"வந்தா நல்லாத்தேன் சார் இருக்கும்" என்றேன்.