மூன்று எண்ணும் வரை

கம்பவுண்டர் ஞானப்பிரகாசம் இறந்த செய்தி எனக்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டாக வந்தது. கெலமங்கலம் தபாலாபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே நின்று, “பீட்டருக்குத் தந்தி குடுத்துடுப்பா. அவங்கப்பா விடியக்காலம் போயிட்டாரு” என்றார். சீட்டில் பெங்களூர் விலாசம் இருந்தது. தந்தி அடித்த கையோடு வீட்டுக்குப் போய், அலமாரியில் கிடந்த நாடக நோட்டை எடுத்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். ஆஸ்பத்திரியில் மிக்சரை ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் ஊற்றுகிற அதே கறாரோடுதான் ஈஸ்டருக்கு மறுநாள் கோயில் வளாகத்தில் நாடகம் போடுவார். நான் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவன். எனக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். “மேடையில பேச்சு நின்னா மூணு எண்ணு. வரலன்னா சத்தமா எடுத்துக் குடு. நானா இருந்தாலும் சரி.”

மாவட்டம் புதிதாகப் பிரிந்த மறுவருடம் அவரே எழுதிய நாடகத்தில் அவருக்கு அப்பா வேஷம், பீட்டருக்கு மகன் வேஷம். பட்டணம் போகத் துடிக்கும் மகன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பான், அப்பா விரட்டிவிடுவார். அந்த ஒரு காட்சிக்காகப் பையனைப் பாடாய்ப் படுத்தினார். எத்தனை தடவை மண்டியிட்டாலும் திருப்தியில்லை. “உன் முழங்கால்ல இன்னும் பொய் இருக்குது. எழுந்திரு, மறுபடியும்.” முழங்கால் தோல் உரிந்து போனது. அதே முழங்காலில் பீட்டர் மறுபடியும் மண்டியிட்டான். வீட்டில் அவர்களுக்குள் பேச்சு இல்லை. மகனை வாத்தியார் பயிற்சியில் சேர்க்க இவர் மனுப் போட்டிருந்தார். அவனுக்கோ லேத் பட்டறை மேல் கண்.

நாடகத்தன்று பெட்ரோமாக்ஸ் ஏற்றிச் சிறிது நேரத்தில் அந்தக் காட்சி வந்தது. பீட்டர் மண்டியிட்டான். நோட்டில் இருந்ததை அவன் சொல்லவில்லை.

“அப்பா, பெங்களூர்ல லேத் வேல கெடச்சிருக்குது. நாளைக்கு சேரணும். போயிட்டு வாடான்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா.”

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண் நிறைந்திருந்ததை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். பார்த்தும் எண்ணினேன். மூன்று ஆனதும் உரக்க எடுத்துக் கொடுத்தேன்: “இந்த வாசலை இனி நீ மிதிக்கக் கூடாது.”

பழகிய வாய். அதையே கணீரென்று சொல்லிவிட்டார். பீட்டர் எழுந்து ஜனங்களுக்கு நடுவே நடந்து வெளியே போனான். முன்வரிசையில் இருந்த கன்னடக்கார மண்டி வியாபாரி “சென்னாகிதே, சென்னாகிதே” என்று பாராட்டிக் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். அன்றைக்குப் போலக் காட்சி ஒருநாளும் அமைந்ததில்லை.

பீட்டர் அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. ஒருநாள் அவரிடம், “தப்பு என்னுதுங்க” என்றேன். “காயிதத்துல இருந்தத நீ சொன்ன. சொன்ன வாய் என்னுது” என்றார். நோட்டை வாங்கிப் போனார். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து, “பிரிச்சுப் பாரு” என்று கொடுத்தார். நாடகமே வேண்டாம் என்றிருந்த எனக்கு அதைத் தொடவே கூசியது. பிரிக்காமலே அலமாரியில் வைத்தேன்.

மூன்று வருடம் கழித்து, தந்தி அடித்த அன்றுதான் பிரித்தேன். அந்த வசனத்தை அடித்துவிட்டு, மருந்துச் சீட்டில் எழுதுவதுபோல் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார்: “உள்ளே வாடா.” ஓரத்தில் எனக்கொரு குறிப்பு: “இதை எண்ணாமல் எடுத்துக் கொடு.” ஊர்க் கடிதமெல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது. அன்றே பிரித்துப் பார்த்து நான் ஒரு கார்டு போட்டிருந்தால் அவன் வந்திருப்பான். பிரித்தாயா என்று என்னிடம் கேட்க அவருக்குக் கூச்சம். எனக்குப் பிரிக்கக் கூச்சம்.

மறுநாள் காலை பீட்டர் வந்தான். வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். அம்மா கூப்பிட்டும் அசையவில்லை. உள்ளே அவர் கிடந்தார், வாய் கட்டியிருந்தது.

நான் எண்ணவில்லை. அவர் தலைமாட்டில் நின்று உரக்கச் சொன்னேன்: “உள்ளே வாடா.”

பீட்டர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே வாசலைத் தாண்டி வந்தான்.

நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டேன். எனக்கென்று மிச்சம், பார்த்துக்கொண்டே எண்ணிய அந்த மூன்றுதான்.