சுவரைப் பார்த்துத் திறந்த ஷட்டர்

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். குரலில் அத்தனை சர்க்கரை. "சார், டோல்கேட் பக்கத்துல மெட்ரோ ஃபேசிங் கமர்ஷியல் ஸ்பேஸ் லாஞ்ச் பண்றோம் சார். இப்ப இன்வெஸ்ட் பண்ணீங்கன்னா நல்ல வேல்யூ ஏறும் சார்." இந்த மாதிரி அழைப்பை முதல் 'சார்' வந்ததுமே துண்டித்துவிடுகிற ஆள் நான். அன்றைக்கு என்ன கிரகமோ, எந்த இடம் என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் அடையாளம் சொல்லச் சொல்ல எனக்கு மண்டை சூடேறிவிட்டது. "ஏம்மா, அந்த எடத்துல ஒரு மனுஷனுக்குக் கண்ணே போயிருக்கு, தெரியுமா?" என்று கத்தினேன். "சார், வாஸ்து எல்லாம் கிளியரா இருக்கு சார்" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

"யார்கிட்ட இவ்ளோ சண்டை?" என்று மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். அவளுக்கு இந்தக் கதை பலமுறை சொல்லியாகிவிட்டது, இனிமேல் சொன்னால் அடி விழும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

டிப்ளமா சிவில் முடித்துவிட்டுத் தண்டையார்பேட்டை வீட்டில் சும்மா கிடந்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை, அடுத்தவர் வீட்டுச் சுவரில் சிவப்பு பெயிண்ட் அடிப்பது. ரோடு அகலமாகப் போகிறது, தலைக்கு மேலே ரயில் வரப்போகிறது, எது வரைக்கும் இடிபடும் என்று காட்டச் சுவரில் ஒரு கோடு போட வேண்டும், பக்கத்தில் ஒரு அம்புக்குறி. சப்-கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் அதற்கு ஆள் எடுத்தார்கள். டேப் பிடித்து அளப்பவர் சூப்பர்வைசர் எத்திராஜ். டப்பாவும் பிரஷும் என் கையில். பெற்றவர்களிடம் 'சைட் இன்ஜினீயர்' என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த எனாமல் பெயிண்டின் வாடை இருக்கிறதே, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோறும் நாறும். இன்றைக்கும் எதிர்வீட்டில் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தால் எனக்கு இடது கன்னம் எரியும். காரணம், அந்த வாடையோடு சேர்த்து நான் வாங்கின அறைகள். என் முதல் கோடு ஒரு இஸ்திரிக்கடைச் சுவரில். கோட்டை முடிப்பதற்குள் கடைக்கார அம்மாள் வந்து விட்டாளே ஒன்று, பிரஷ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எத்திராஜ் என்னைத் தூக்கி நிறுத்திச் சொன்னார்: "நைனா, கோட்ட பாத்து கோடு போடு. வூட்டுக்காரன் மூஞ்ச பாத்தியோ, கை நடுங்கும். நடுங்கிச்சின்னா அடி இன்னும் ஜாஸ்தி வுழும்."

கொதிக்கிற கஞ்சித்தண்ணீர், அவிழ்த்துவிட்ட நாய், சோடா பாட்டில் என்று எல்லாவற்றையும் பார்த்தோம். ஒருவன் தன் அப்பா போட்டோவைக் கொண்டுவந்து என் தலையிலேயே உடைத்தான். கோட்டுக்கு உள்ளே விழுந்தவன் அடித்தான். கோட்டுக்கு வெளியே தப்பியவனுக்கு இனிமேல் மெயின் ரோட்டு இடம், அவன் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். சில நாள் இரண்டும் ஒரே தெருவிலேயே நடந்துவிடும். கிழிந்த உதட்டோடு பிரியாணி தின்றால் மசாலா என்னமாய் எரியும் தெரியுமா?

இதற்கு நடுவே ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு மக்களுக்கு விளக்கினார்கள். திரையில் படம் ஓடியது. கண்ணாடிக் கட்டடங்கள், வரிசையாக மரங்கள், நிழலில் உட்கார்ந்து காபி குடிக்கிற வெள்ளைச் சட்டைக்காரர்கள். ரயிலும் ரோடும் வந்தால் முதலீடு தானாக வரும், வடசென்னையின் தலையெழுத்து மாறும் என்று அதிகாரி ஒருவர் அழகாகப் பேசினார். "சார், அந்தப் படத்துல ஒரு ட்ரெய்லர்கூட காணோமே சார்" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. அன்றைய ரோட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் ட்ரெய்லர்கள் மலைப்பாம்பு மாதிரி அசையாமல் கிடக்கும், பின்னால் பஸ், அதன் பின்னால் ஆம்புலன்ஸ். சைக்கிள்காரர்கள் சக்கரத்துக்குள் போவது எங்களுக்குப் பழகிப்போன செய்தி. என் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன் அப்படித்தான் போனான். ரோடு வேண்டும் என்றுதான் நானும் கோடு போட்டேன்.

அந்த ட்ரெய்லர்காரர்கள் கயிறும் தார்ப்பாயும் வாங்குகிற இடம் அண்ணாச்சி கடை. புதுத் தார்ப்பாயைப் பிரிக்கும்போது ஒரு மண்ணெண்ணெய் நெடி வருமே, அதை ரோட்டிலேயே பிடிக்கலாம். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து செட்டிலான கிறிஸ்தவக் குடும்பம். அப்பா செத்ததும் பாகம் பிரித்தார்கள். ரோட்டைப் பார்த்த கடை, கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் ஞானமுத்துவுக்கு. அதற்குப் பின்னால் இருந்த வீடும் தார்ப்பாய் தைக்கிற கொட்டகையும் இளையவர் தேவராஜுக்கு. ரோட்டிலிருந்து தேவராஜ் வீட்டுக்குப் போக, கடையை ஒட்டி ஒரு ஆள் மட்டும் நுழைகிற வழி, நடுவில் ஒரு திருப்பம். ஊரில் வளர்ந்த பெரியவர் அதை 'முடுக்கு' என்பார். இங்கேயே பிறந்த சின்னவருக்கு அது 'சந்து'. அந்த வழிக்கு ஒரே பெயர் வைக்கக்கூட அவர்களால் முடியவில்லை.

சின்னவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, ரோட்டைப் பார்த்து ஒரு வாசல். சும்மா வியாபார ஆசை என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் அளந்து முடித்துத் தையல் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"என் வூட்டுக்காரி செத்தப்போ பொட்டி சந்துல திரும்பல சார். அண்ணங்கிட்ட போய், கட பின்கதவ தொறந்து வுடுண்ணே, கட வழியா எடுத்துகினு பூட்றேன்னேன். பின்கதவுல பண்டலு அடுக்கிக்கீது, எறக்க முடியாதுன்னாரு. அப்புறம் மெதுவா சொல்றாரு, கட வழியா பொணம் போனா யாவாரம் படுத்துரும்னு. செவுத்து மேல கயிறு கட்டித் தூக்கனேன் சார். பொட்டி செவுத்துல இடிக்குது, உள்ள அவ தல இடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. கயிறும் அவுரு கட கயிறுதான்."

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் கோடு எங்கே விழுந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். பெரியவர் கடை மொத்தமும் ரோட்டுக்குப் போகிறது, கடையின் பின்சுவரோடு கோடு முடிகிறது. அதற்குப் பிறகு சின்னவர் வீடுதான் மெயின் ரோடு. பெரியவர் எங்களை அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எடுக்கதுன்னா முழுசா எடுங்க. அவன் வீட்டையும் சேத்து எடுத்துருங்க. என்னைய மட்டும் தொடச்சிட்டு அவனக் கொண்டு ரோட்டுல நிறுத்தாதீங்க." நஷ்டஈட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

சின்னவர் செய்ததுதான் அநியாயம். அண்ணன் கடை இடிகிறவரைக்கும் பொறுக்க முடியாமல், தன் வீட்டு முன்சுவரை உடைத்துப் பெரிய ஷட்டர் ஒன்றை மாட்டிவிட்டார். அந்த ஷட்டருக்கு எதிரே கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் அண்ணன் கடையின் பின்சுவர்தான். சுவரைப் பார்த்துத் திறக்கிற ஷட்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதன்மேல் 'தேவராஜ் தார்ப்பாய், மெயின் ரோடு' என்று பெயர் வேறு. தினமும் காலையில் அதை ஏற்றி இறக்குவார். சுவருக்கு அந்தப் பக்கம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு அந்தக் கடகட சத்தம் கேட்கும். நான் பார்த்திருக்கிறேன், சத்தம் வரும்போதெல்லாம் அவர் தாடை இறுகும்.

இடிப்பதற்கு முன்னால் மழையில் மங்கின கோடுகளைத் திரும்பப் போடச் சொல்லி அனுப்பினார்கள். நான் டப்பாவோடு கடை வாசலில் நிற்கிறேன். பெரியவர் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார், ராக்கைப் பெயர்க்கக் கையில் கடப்பாரை. பின்னால் ஷட்டர் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அதோடு விடாமல் சின்னவர் விசில் அடித்தார். அந்த விசில்தான் வினை. "ஏல!" என்று ஒரு சத்தம். கடப்பாரையோடு பெரியவர் எழுந்துவிட்டார். பின்கதவுக்குப் போக முடியாது, அங்கே இன்னும் பண்டல்கள். முடுக்கு வழியாகத்தான் ஓடினார், டப்பாவோடு நானும் பின்னாலேயே ஓடினேன். பல வருஷமாக அவர் அதற்குள் கால் வைத்ததில்லை, அதற்குள் உடம்பு வைத்துவிட்டது. திருப்பத்தில் போய் மாட்டிக்கொண்டார். நீளக் கடப்பாரை திரும்ப மாட்டேன் என்கிறது, கை மேலே எழவில்லை.

அந்தப் பக்கம் சின்னவர், ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியோடு. "இன்னாண்ணே, திரும்ப முடியிலியா? நல்லா பாரு. இப்டிதான் அவளும் மாட்டிக்கினா." ஒரு குத்து தோளில் விழுந்தது, அடுத்தது கழுத்தோரம். நான் பின்னாலிருந்து பெரியவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன், அவர் முழங்கை என் வாயில் இடித்து முன்பல் பாதி போனது. மூன்றாவது குத்தில் கொக்கி கண்ணுக்குள் போய்விட்டது. அவர் அலறவில்லை, மூச்சுதான் ஒரு மாதிரி வெளியே வந்தது. சின்னவர் கம்பியை விட்டுவிட்டார். அது கொஞ்ச நேரம் விழாமல் நின்றது.

இதில் என் கூத்தைக் கேளுங்கள். இழுத்த இழுப்பில் டப்பா கவிழ்ந்து தலையோடு கால் எனக்குச் சிவப்பு அபிஷேகம். ஓடிவந்த கூட்டம், வெட்டுப்பட்டவன் நான்தான் என்று என்னைத் தூக்கி முதல் ஆட்டோவில் போட்டது. "யோவ், நான் இல்லய்யா, இது பெயிண்டு!" என்று பாதிப் பல்லோடு கத்துகிறேன். "பையன் ஒளர்றான்பா, சீக்கிரம் உடு" என்கிறார்கள். ஆட்டோ பாதித் தூரம் போய்த் திரும்பி வந்துதான் பெரியவரை ஏற்றியது.

ஆஸ்பத்திரிக்கு போலீஸ் வந்தது. "நானேதான் கால் தடுக்கிக் கம்பி மேல விழுந்தேன்" என்று பெரியவர் சொல்லிவிட்டார். எவ்வளவு மிரட்டியும் மாற்றவில்லை. தம்பிப் பாசம் என்றுதான் நான் நினைத்தேன். போலீஸ் போனதும் கிட்டே போய், "பெரிய மனசு அண்ணாச்சி உங்களுக்கு" என்றேன். ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். "பாசமாவது மண்ணாவது. உள்ள போயிட்டாம்னா நிம்மதியா களி தின்னுட்டுக் கெடப்பான். வெளிய இருக்கட்டும். கடையத் தொறக்கட்டும். அவன் தொறக்கும்போது நான் எதுத்தால இருக்கணும்."

சொன்னபடியே இருந்தார். இயந்திரம் வந்து கடையைக் கடித்துத் துப்பியது. புழுதி அடங்கினதும் சின்னவர் ஷட்டரை ஏற்றினார், முதல்முறையாக ரோட்டு வெளிச்சம் உள்ளே போனது. எதிரே, கடை இருந்த தரையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கண்கட்டோடு பெரியவர். அதன்பிறகு மகள் வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து ஷட்டர் திறக்கிற நேரத்துக்கு உட்கார்ந்துவிடுவார். கிரேன் வந்தால் எழுந்திருப்பார், போனால் நாற்காலியைத் திரும்பப் போடுவார். எனக்கு அதற்குள் மெட்ரோ ஸ்டேஷன் கட்டுகிற வேலையிலேயே இடம் கிடைத்திருந்தது, அவரை நகர்த்துவது என் பொறுப்பு. லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி அவரிடம் நலம் விசாரிப்பார்கள், அப்படியே போய்விடுவார்கள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவரைத் தாண்டிப் போய்க் கயிறு வாங்க எவனுக்கு மனசு வரும்?

ஒருநாள் சின்னவர் இறங்கி வந்தார். ஆளே பாதியாக இளைத்திருந்தார். "இன்னாண்ணே வோணும் உனக்கு? அவ பொட்டிய செவுத்து மேல தூக்க வுட்டியே, அதுக்கு இன்னா சொல்ற?"

"அதுக்குத்தான் ஒரு கண்ணு குடுத்துட்டேன்லா. இன்னொண்ணு உன்னப் பாக்கதுக்கு வச்சிருக்கேன். போ, போய் யாவாரத்தப் பாரு."

சின்னவர் திரும்பிப் போய் ஷட்டரை இறக்கிவிட்டார். அப்போதே வரிசையாக இடம் கேட்டு ஒரு கம்பெனி அலைந்துகொண்டிருந்தது, படத்தில் காட்டின முதலீடு வர ஆரம்பித்திருந்தது. சின்னவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கொட்டகை மெஷின்களை ஏற்றிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். மீஞ்சூர் என்றார்கள், ஊருக்கே போய்விட்டார் என்றும் சொன்னார்கள்.

மறுநாள் காலை பெரியவர் வந்தார். ஷட்டரில் புதுப் பூட்டு, கம்பெனி வாட்ச்மேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவன் எங்க?"

"கம்பெனிக்குக் குடுத்துட்டுப் போயிட்டார் அண்ணாச்சி. எங்கன்னு தெரியல."

"சொல்லாமலா போயிட்டான்?" அந்த ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "எப்படிப் போவான்? எங் கடையத் தாண்டி, எம் முன்னால நடக்காம அவன் எங்கயும் போனதில்லயே."

அவர் நாற்காலியை எடுத்துப் போகவில்லை. வாட்ச்மேன் அதில் உட்கார்ந்துகொண்டான்.

நான் இப்போது தினமும் அந்த ரயிலில்தான் போகிறேன், சுகமாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும், சொன்னபடியே மரமும் வைத்திருக்கிறார்கள். காலையில் ரயிலில் வந்து இறங்குகிற பிள்ளைகள் சாயங்காலம் ரயிலிலேயே திரும்பிவிடுகிறார்கள், ஒரு கடை ஆளுக்கு அடுத்த கடை ஆளின் பெயர் தெரியாது. சண்டை சச்சரவு கிடையாது, சத்தம் கிடையாது. கண்ணைப் பிடுங்குகிற அளவுக்கு ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் அந்த வரிசையில் இப்போது யாரும் இல்லை.